அண்ணா பதிந்தபோது எனக்கு 18 வயது: கனடா பெற்றோர் ஸ்பொன்சரில் வீட்டில் தங்கிவிடும் பிள்ளைகள்

2025 ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில் யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு ஸ்காபரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "அம்மா, கூப்பிட்டிட்டாங்கள்" என்றார் மகன். பெற்றோரை ஸ்பொன்சர் செய்வதற்காக 2020 ஒக்டோபரில் அவர் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பியிருந்தார். ஐந்து வருடங்களின் பின்னர் அதற்கான அழைப்பு அப்போதுதான் அவருடைய மின்னஞ்சலுக்கு வந்திருந்தது.

வீட்டில் அன்று மூவர் இருந்தனர். அப்பா, அம்மா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை. தங்கை பிறந்தது 2002 மார்ச்சில். அழைப்பு வந்தபோது அவருக்கு 23 வயது. இரண்டு நாட்கள் கழித்து அண்ணன் மீண்டும் அழைத்து, அம்மாவும் அப்பாவும் வரலாம், தங்கச்சியைச் சேர்க்க முடியாது என்று சொன்னார்.

"அண்ணா பதியேக்க எனக்குப் 18 தானே? அப்ப ஏன் சரிவராது?" என்பதே தங்கையின் கேள்வி. அம்மாவின் கேள்வி வேறு. "நாங்கள் ரெண்டு பேரும் போறதெண்டால் இவளை ஆரிட்ட விட்டிட்டுப் போறது?"

வடக்கு, கிழக்கில் இந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்படும் வீடுகள் பல. முதலாவது சட்டம் பற்றிய கேள்வி. அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதிலைக் குடும்பம்தான் தேட வேண்டும். ஆனால் முதலாவதற்கான பதில் நேரத்தோடு தெரிந்திருந்தால், இரண்டாவதைப் பற்றிப் பேசுவதற்காவது அந்தக் குடும்பத்துக்குச் சில வருடங்கள் கிடைத்திருக்கும்.

யார் 'தங்கிவாழும் பிள்ளை'?

கனடாவில் உள்ள பிரஜை ஒருவரோ நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவரோ தனது சகோதரியை நேரடியாகப் 'பெற்றோர் மற்றும் பேரன் பேத்தி ஸ்பொன்சர்' திட்டத்தில் அழைக்க முடியாது. அவர் அழைப்பது தாயையும் தந்தையையும் மட்டுமே. சகோதரியோ சகோதரனோ அந்த விண்ணப்பத்துக்குள் வருவது, பெற்றோரின் 'தங்கிவாழும் பிள்ளை' என்ற தகுதியில்தான். அந்தத் தகுதி இல்லாவிட்டால் விண்ணப்பத்தில் அவருக்கு இடமில்லை.

அந்தத் தகுதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வயது 22க்குக் குறைவாக இருக்க வேண்டும். திருமணமாகாதவராகவும், திருமணம் செய்யாமல் துணைவரோடு சேர்ந்து வாழாதவராகவும் இருக்க வேண்டும். 22ஆவது பிறந்தநாள் வந்துவிட்டால் அந்த நாளிலிருந்தே தகுதி போய்விடும்.

இங்கே பரவலாக ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "படிச்சுக்கொண்டிருக்கிற பிள்ளையெண்டால் 25 வயதெண்டாலும் எடுப்பினம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2014 ஓகஸ்ட் 1க்கு முன்னர், முழுநேரமாகப் படித்துக்கொண்டு பெற்றோரின் செலவில் வாழும் பிள்ளை 22 வயதைத் தாண்டியிருந்தாலும் தங்கிவாழும் பிள்ளையாகவே கருதப்பட்டது. அந்தத் திகதியிலிருந்து மாணவர்களுக்கான விதிவிலக்கு நீக்கப்பட்டது. வயதெல்லையும் 19க்குக் குறைந்தவர் என்று இறக்கப்பட்டது. 2017 ஒக்டோபர் 24 முதல் வயதெல்லை மீண்டும் 22க்குக் குறைந்தவர் என்று உயர்த்தப்பட்டது. ஆனால் மாணவர் விதிவிலக்கு திரும்பி வரவில்லை. பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்னர் குடும்பமாகப் போனவர்களின் அனுபவத்தைக் கேட்டு இன்று திட்டமிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

எந்த நாளின் வயது?

தங்கையின் கேள்விக்கான பதில் இதுதான். கனடிய குடிவரவு ஒழுங்குவிதிகளின்படி பிள்ளையின் வயது ஒரு குறிப்பிட்ட நாளில் 'பூட்டப்படுகிறது'. அந்த நாளுக்குப் பிறகு பரிசீலனை எத்தனை வருடம் இழுபட்டாலும் வயது கூடியதாகக் கணக்கெடுக்கப்படமாட்டாது. 21 வயதில் பூட்டப்பட்ட பிள்ளை 24 வயதில் விசா பெற்றுப் போகலாம்.

ஆனால் அண்ணன் விருப்பப் படிவம் நிரப்பிய நாளில் வயது பூட்டப்படுவதில்லை. அழைப்பு வந்த நாளிலும் இல்லை. அழைப்புக்குப் பிறகு, நிரந்தர வதிவிடத்துக்கான முழுமையான விண்ணப்பம் குடிவரவுத் திணைக்களத்தின் கைக்குக் கிடைக்கும் நாளில்தான் பூட்டப்படுகிறது. 2020இல் நிரப்பியது குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கும் ஒரு சிறிய படிவம் மட்டுமே. சட்டத்தின் பார்வையில் அது விண்ணப்பம் அல்ல.

இந்த வேறுபாடு ஒரு காலத்தில் பெரிதாக உறுத்தவில்லை. பெயர் கொடுப்பதற்கும் விண்ணப்பிப்பதற்கும் இடையே சில மாதங்களே இருந்தன. இப்போது அப்படியில்லை. 2011 நவம்பரில் இந்தத் திட்டம் இரண்டு வருடங்களுக்கு நிறுத்தப்பட்டது. 2014 ஜனவரியில் 5,000 விண்ணப்பங்கள் என்ற வரம்போடு மீண்டும் திறந்தது. பின்னர் 2017, 2018இல் குலுக்கல். 2019 ஜனவரியில் 'முந்தி வருபவருக்கு முதலிடம்'. அந்த வருடம் சில நிமிடங்களிலேயே இடங்கள் முடிந்துபோயின. கடைசியாக 2020 ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவங்கள் ஏற்கப்பட்டன. 2021 முதல் 2025 வரை ஒவ்வொரு வருடமும் விடுக்கப்பட்ட அழைப்புகள் எல்லாம் அந்த மூன்று வாரங்களில் பெயர் கொடுத்தவர்களுக்கே சென்றன. 2025 ஜூலை 28 முதல் அனுப்பப்பட்ட 17,860 அழைப்புகளும் அப்படித்தான். அவற்றிலிருந்து 10,000 விண்ணப்பங்கள் வரையே ஏற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இந்தக் காலக்கணக்கை வீட்டிலுள்ள பிள்ளையின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். 2020 நவம்பரில் பதினேழரை வயதாக இருந்த பிள்ளை 2025 கோடையில் 22ஐத் தாண்டிவிட்டது. நாம் சொன்ன குடும்பத்தின் தங்கைக்கு அண்ணனின் பெயர் 2021இலோ 2022இலோ விழுந்திருந்தால் சிக்கலில்லை. 2023 ஒக்டோபரில் விழுந்திருந்தாலும் அவருக்கு 21 வயதுதான். அடுத்த அழைப்புகள் 2024 மே மாதம் வந்தன. அப்போது அவருக்கு 22 முடிந்து இரண்டு மாதம். ஒரே வீட்டின் ஒரு பிள்ளை போவதும் தங்குவதும் கணினிக் குலுக்கல் எந்த வருடத்தில் கைகொடுத்தது என்பதைப் பொறுத்து அமைந்துவிட்டது.

வயது விளிம்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அழைப்புக்குப் பிறகு விண்ணப்பிக்க வழமையாகச் சுமார் 60 நாட்களே தரப்படும். அந்தக் காலத்துக்குள் அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு கையொப்பமோ ஒரு படிவமோ குறைந்தாலும் அது முழுமையற்றது என்று திருப்பப்படலாம். திருப்பப்பட்ட விண்ணப்பம் வயதைப் பூட்டாது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை மூன்றிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை அழைப்பு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. இடப்பெயர்வுக் காலத்தில் தாமதமாகப் பிறப்புப் பதிவு செய்த குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

கலியாணம் பேசலாமா?

பூட்டப்படுவது வயது மட்டும்தான். திருமண நிலை பூட்டப்படுவதில்லை. விண்ணப்பம் கிடைத்த நாளில் மட்டுமல்லாமல், கனடாவில் நிரந்தர வதிவாளராகும் நாள் வரையிலும் அந்தப் பிள்ளை தனியாளாகவே இருக்க வேண்டும். இடையில் திருமணம் நடந்தால் தகுதி போய்விடும்.

"எழுதேல்லை, தாலி மட்டும்தான் கட்டினது" என்று சமாளிக்க நினைப்பவர்களும் உண்டு. இலங்கையில் வழமைப்படி நடந்த திருமணமும் திருமணமாகக் கருதப்படலாம். அது இல்லாவிட்டாலும், 12 மாதங்கள் தம்பதிபோலச் சேர்ந்து வாழ்ந்தாலே கனடியச் சட்டத்தில் 'பொதுச்சட்டத் துணைவர்' ஆகிவிடுவர். படங்கள் முகநூலில் ஏறுகின்ற காலத்தில் மறைப்பது எளிதுமல்ல.

இதன் விளைவை அதிகம் சுமப்பவர்கள் பெண்பிள்ளைகள். 21 வயதில் விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்ட பெண்ணிடம், "விசா வரட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லப்படுகிறது. அந்தப் 'பிறகு' இரண்டு வருடமாக, மூன்று வருடமாக நீள்கிறது. அவருடைய விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. விண்ணப்பத்தில் சேர்ப்பதற்கு முன்னர் அந்தப் பிள்ளையோடு இதைப் பேசியே ஆக வேண்டும். போக விரும்பாத பிள்ளையும் இருக்கலாம்.

பெயரை எழுதாமல் விட்டால்?

"தகுதியில்லாத பிள்ளைதானே, பெயரே போடத் தேவையில்லை" என்பது மிகவும் ஆபத்தான ஆலோசனை. இதை முகவர்களிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் கேட்க முடிகிறது.

இதில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு 22க்குக் குறைவு, ஆனால் இப்போது போகப்போவதில்லை என்றால், அவரைக் 'கூட வராத' தங்கிவாழும் பிள்ளையாக அறிவித்து, மருத்துவ மற்றும் ஏனைய பரிசோதனைகளுக்கும் உட்படுத்த வேண்டும். அப்படிச் செய்திருந்தால், பெற்றோர் கனடா சென்றபின், பிள்ளைக்கு 22 ஆகுமுன் அவரை ஸ்பொன்சர் செய்யும் வாய்ப்பு இருக்கிறது. அறிவிக்காமல் விட்டால் அந்தப் பிள்ளையைப் பின்னர் குடும்ப வகுப்பில் அழைக்கும் வழி சட்டப்படி அடைபடுகிறது. இதற்குத் தளர்வு தரும் ஒரு தற்காலிகக் கொள்கை 2019 செப்டெம்பரில் தொடங்கியது உண்மை. ஆனால் தற்காலிகமான ஒன்றை நம்பித் திட்டமிடக் கூடாது.

பிள்ளை 22ஐத் தாண்டிவிட்டார் என்றாலும், குடும்ப விபரங்களைக் கேட்கும் ஐ.எம்.எம். 5406 என்ற படிவத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுத வேண்டும். திருமணமானவர், தத்தெடுக்கப்பட்டவர், வேறு நாட்டில் இருப்பவர் என்று எவருக்கும் விலக்கில்லை. ஒருவரை மறைத்தால் அது பொய்த் தகவல் தந்ததாகக் கொள்ளப்படலாம். அதற்கான தண்டனை ஐந்து வருடத் தடை. நிரந்தர வதிவிடம் கிடைத்த பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த உரிமையே பறிபோகலாம்.

இயலாமையுள்ள சகோதரர்

22 வயதெல்லைக்கு ஒரேயொரு விதிவிலக்குத்தான் இப்போது உள்ளது. உடல் அல்லது உள நிலை காரணமாகத் தன்னைத் தானே பராமரிக்க முடியாமல், 22 வயதுக்கு முன்னரிருந்தே தொடர்ச்சியாகப் பெற்றோரின் பண உதவியில் வாழ்பவர், எந்த வயதிலும் தங்கிவாழும் பிள்ளையாகக் கருதப்படலாம். 'முன்னரிருந்தே' என்ற சொல் முக்கியம். முப்பது வயதில் விபத்தில் சிக்கிப் பெற்றோரிடம் திரும்பியவருக்கு இது பொருந்தாது. வைத்தியசாலைப் பதிவுகள், கிளினிக் கொப்பிகள், பாடசாலைப் பதிவுகள் ஆகியவைதான் இதற்கான சான்றுகள்.

ஆனால் இந்தக் கதவின் உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது. கனடாவின் சுகாதார, சமூக சேவைகளுக்கு 'மிகையான சுமை' ஏற்படுத்தக்கூடியவர் என்று கருதப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஸ்பொன்சர் செய்பவரின் சொந்தப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து விலக்குண்டு. அவருடைய பெற்றோருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இல்லை. 2018 ஜூனில் இந்தச் செலவு வரம்பு மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. விசேட கல்வி போன்ற சேவைகளும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அதனால் முன்பைவிட வாய்ப்பு அதிகம். எனினும், அந்த ஒரு பிள்ளை நிராகரிக்கப்பட்டால் பெற்றோரின் விண்ணப்பமும் சேர்ந்தே விழலாம் என்பதை அறிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். இத்தகைய குடும்பங்கள் அனுமதிபெற்ற குடிவரவு ஆலோசகரையோ சட்டத்தரணியையோ நாடுவது அவசியம்.

ஒரு பிள்ளை கூடினால் கணக்கும் மாறும்

கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், ஸ்பொன்சர் செய்பவர் முந்தைய மூன்று வரி வருடங்களிலும் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச வருமானத்தைக் காட்ட வேண்டும். அந்தத் தொகை குடும்பத்தின் அளவைப் பொறுத்தது. அண்ணன், அண்ணி, அவர்களது இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்றால் ஆறு பேர். தங்கையும் தகுதி பெற்றிருந்தால் ஏழு. ஆறு ஏழாகும்போது வருடமொன்றுக்குக் காட்டவேண்டிய வருமானம் சுமார் 10,000 டொலரால் உயர்கிறது. தங்கிவாழும் பிள்ளை கூட வராவிட்டாலும் எண்ணிக்கையில் சேர்க்கப்படுவார். பெற்றோருக்கும் அவர்களோடு வரும் பிள்ளைக்கும் 20 வருடங்களுக்குப் பொறுப்பேற்பதாக ஸ்பொன்சர் செய்பவர் கையொப்பமிடுகிறார். கியூபெக்கில் இந்தக் காலம் பெற்றோருக்குப் 10 வருடங்கள்.

தவறிப்போன பிள்ளைக்கு என்ன வழி?

முதலில், இல்லாத வழிகளைச் சொல்லிவிடுவோம். பெற்றோர் கனடா போனபின் 22ஐத் தாண்டிய பிள்ளையைக் கூப்பிடலாம் என்பது, மேலே சொன்ன இயலாமை விதிவிலக்கைத் தவிர, உண்மையல்ல. அண்ணன் நேரடியாகத் தங்கையை ஸ்பொன்சர் செய்வதற்கு, தங்கை 18 வயதுக்குக் குறைந்தவராகவும், திருமணமாகாதவராகவும், தாய் தந்தை இருவரையும் இழந்தவராகவும் இருக்க வேண்டும். 'ஏதாவது ஒரு உறவினரை அழைக்கலாம்' என்று சொல்லப்படும் விதி, மனைவி, பிள்ளை, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவுகள் எவருமே அழைப்பதற்கு இல்லாத தனியாளுக்கு உரியது. பெற்றோர் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அது பொருந்தாது.

இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, எக்ஸ்பிரஸ் என்ட்ரி போன்ற தொழிற்றகைமை வழி. கனடாவில் வசிக்கும், 18 வயதுக்கு மேற்பட்ட சகோதரர் பிரஜையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருந்தால் அதற்கு 15 மேலதிகப் புள்ளிகள் உண்டு. பட்டமும் தொழில் அனுபவமும் மொழிப் பரீட்சையில் நல்ல பெறுபேறும் இருந்தால்தான் அந்த 15 புள்ளிகளுக்குப் பயனிருக்கும்.

இரண்டு, மாணவர் விசா. 2025 செப்டெம்பர் 1 முதல், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தவிர, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 டொலர் காட்ட வேண்டும். குடும்பம் முழுவதும் கனடாவில் இருக்கும்போது, படிப்பு முடிந்து இவர் நாடு திரும்புவார் என்று அதிகாரியை நம்பவைப்பதும் கடினமாகலாம்.

மூன்று, மனிதாபிமான மற்றும் கருணை அடிப்படையிலான கோரிக்கை. குடிவரவுச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இதற்கு இடமளிக்கிறது. சட்ட வரைவிலக்கணத்துக்குள் வராவிட்டாலும் நடைமுறையில் குடும்பத்தைச் சார்ந்தே வாழ்பவரை 'நடைமுறைக் குடும்ப உறுப்பினர்' என்று திணைக்களத்தின் சொந்த வழிகாட்டல்களே குறிப்பிடுகின்றன. வயதெல்லை தாண்டிய, தனக்கென்று குடும்பமில்லாத பிள்ளை சொந்த நாட்டில் தனித்துவிடப்படுவது அதில் ஓர் உதாரணமாகவே தரப்பட்டுள்ளது. இது உரிமையல்ல. அதிகாரியின் தற்றுணிபு. வேலையும் வருமானமும் உள்ள, ஊரில் உறவினர் சூழ வாழும் பிள்ளைக்குக் கிடைப்பது அரிது. ஆனாலும் இப்படி ஒரு வழி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

பெற்றோர் முன்னுள்ள தெரிவு

அம்மாவின் கேள்விக்கு வருவோம். நிரந்தர வதிவிடம் பெற்றால் ஊருக்கே திரும்ப முடியாது என்று அவர் நினைத்திருந்தார். அப்படியில்லை. ஐந்து வருடங்களில் 730 நாட்கள் கனடாவில் இருந்தால் வதிவிட உரிமை நிலைக்கும். மிகுதிக் காலத்தை ஊரில் மகளோடு கழிக்கலாம். போக்குவரத்துச் செலவும் உடல்நிலையும் இடம்கொடுக்க வேண்டும் என்பது வேறு விடயம்.

இன்னொரு தெரிவு சூப்பர் விசா. 2011 டிசம்பரில் அறிமுகமான இதில், 2022 ஜூலை முதல் ஒரு தடவையில் ஐந்து வருடங்கள் வரை தங்கலாம். குறைந்தது 100,000 டொலருக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். குலுக்கல் இல்லை. நிரந்தர உரிமையும் இல்லை. இதிலும் பிள்ளையைச் சேர்க்க முடியாது. ஆனால் பெற்றோர் எதையும் இழக்காமல் வந்துபோகலாம்.

நாம் சொன்ன குடும்பம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டது. 5406 படிவத்தில் தங்கையின் பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் இருக்கின்றன. அப்பா முதலில் போவார், அம்மா மகளின் பட்டமளிப்பு முடிந்தபின் யோசிப்பார் என்பது இப்போதைய ஏற்பாடு. ஆனால் விசா கிடைத்தபின் அதன் காலம் முடிவதற்குள் இருவரும் கனடாவில் கால்வைத்தாக வேண்டும் என்பதை அண்ணன் இன்னும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

தங்கையிடம் கோபம் இருக்கிறது. தன்னை விட்டுவிட்டார்கள் என்பதற்காக அல்ல. "22 வந்தால் சரிவராதெண்டு 2020இலயே ஆரும் சொல்லியிருந்தால், நான் அப்பவே ஐ.ஈ.எல்.ரி.எஸ். எடுத்து வேற வழி பாத்திருப்பன். ஐஞ்சு வருசம் சும்மா காத்துக்கொண்டிருந்தன்" என்கிறார் அவர்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்றே ஒரு கணக்கைப் பார்க்கலாம். வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு 22 வயதாகும் திகதி எது? அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்கு முன் அழைப்பு வந்தால் என்ன செய்வது, வராவிட்டால் என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளையையும் இருத்திவைத்துப் பேசுங்கள். விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நேரத்தில் கனடிய குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ள அப்போதைய விதியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.